8,000 டாலர் கேட்டுப் போனவர்



வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் என்றதும் நமக்குத் திண்டிவனத்து இரவுதான் நினைவுக்கு வரும். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியதும், பிரசவ வேதனையில் கிடந்த அவர்கள் மனைவிகளுக்கு ஆண் டாக்டர் ஆகாது என்று திரும்பிப் போனதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் பள்ளிக்கூட மேடைகளில் நாடகமாகவே பார்த்த கதை. அதை இன்றைக்கு நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு நடந்த, யாரும் நாடகமாகப் போடாத ஒரு காரியம் இருக்கிறது. அந்த அம்மையார் பணம் கேட்கப் போன கதை.

வருஷம் 1899. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியாயிற்று. இந்தியாவுக்குக் கப்பலேற அதிக நாள் இல்லை. பெட்டி கட்டுகிற அந்த நேரத்தில் மிஷன் சபை ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. வேலூரில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும், அதற்கு 8,000 டாலர் திரட்டிக்கொண்டு போக வேண்டும். படித்து முடித்த கையோடு இருக்கிற ஒரு இளம்பெண். கேட்டுப் பழக்கமில்லை. தெரிந்த வீடு, தெரியாத வீடு என்று ஏறி இறங்குகிறார். கொடுத்தவர்கள் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள்.

ஒரு நாள், மிஷன் காரியங்களில் ஈடுபாடுள்ள ஓர் அம்மாளின் வீட்டுக்குப் போகிறார். வேலூரைப் பற்றிச் சொல்கிறார். அந்தப் பக்கத்துப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டார்கள், பிரசவத்தில் சிக்கல் வந்தால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று விவரமாகப் பேசுகிறார். பக்கத்து அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. பேசியது முழுவதும் அந்தப் பெரியவர் காதில் விழுந்திருக்கிறது. ராபர்ட் ஷெல் என்ற வங்கிக்காரர். அந்த அம்மாளின் சகோதரியின் கணவர், மனைவியை இழந்தவர். மறுநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கேட்டது 8,000. கொடுத்தது 10,000. மறைந்த தன் மனைவி மேரி டேபரின் பெயரில் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் விரும்பியது. நம் ஊரில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைக்கிறோமே, அதைவிட இது நியாயமான ஆசைதான். 1902-இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறந்தது. ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியாக இன்றும் அது நடக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஐடா தன் பயணத்துக்காகக் கேட்கவில்லை. அவர் போகிற செலவு மிஷனுடையது. அவர் கேட்டது, தான் இல்லாவிட்டாலும் அந்த ஊரில் நிற்கப்போகிற ஒரு கட்டடத்துக்கு. அதுவும் அவராக நினைத்துக் கேட்டதில்லை, ஆற்காடு மிஷனில் இருந்தவர்கள் இங்கிருந்து கேட்டனுப்பியது.

இன்றைக்கு மருத்துவ மிஷன் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரம், மூன்று வாரம். ஒரு நர்ஸ் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சபையில் ஒரு கடிதம் வாசிக்கப்படும். ஆண்டவர் அழைத்திருக்கிறார், ஜெபத்தால் தாங்குங்கள், காணிக்கையாலும் தாங்குங்கள் என்று இருக்கும். தவறில்லை. ஆனால் கேட்டு முடித்த பிறகும், யார் வீட்டு நோய்க்கு இந்தப் பணம் போகிறது என்பது விளங்காது. விமான டிக்கெட், விசா, காப்பீடு, தடுப்பூசி, அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, இதற்கே முக்கால்வாசி கரைந்துவிடும். அதை வெளிப்படையாக எழுதிவிட்டால் என்ன? கொடுப்பவர்களுக்கு அந்த அளவு விவரம் உண்டு.

மெர்சி ஷிப்ஸ் என்று ஒரு கிறிஸ்தவ அமைப்பு 1978 முதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியையே கப்பலில் வைத்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். முகத்துக் கட்டி, பிளவுபட்ட உதடு, கண்புரை என்று அறுவை சிகிச்சை நடக்கிறது, நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அதில் வேலை செய்த தொண்டர்கள் நெடுங்காலம் பயணச் செலவையும் கப்பலில் தங்கும் செலவையும் தாங்களே கட்டிவந்தார்கள். சமையல் வேலைக்குப் போனவரும் கட்டினார். அதனால் ஊருக்குள் கை நீட்டும்போது, என் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும்தான் கேட்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்லிவிட முடிந்தது.

பணத்தை விட்டு, பயணப் பெட்டிக்கு வருவோம். போகிறவர்கள் வீட்டில் நடக்கிற ஒரு காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சபையார் ஆளுக்கு ஒரு பையில் மருந்து கொண்டுவந்து தருவார்கள். பாதி தின்ற மாத்திரை அட்டை, பிள்ளைக்கு வாங்கி மிச்சமான இருமல் மருந்து, டாக்டருக்கு வந்த சாம்பிள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்தால், வருகிற மாதத்தோடு முடியும். மனசு நல்ல மனசு. ஆனால் அந்தப் பையை வாங்கவே கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், 1988-இல் ஆர்மீனியாவில் பூகம்பம் வந்தபோது உலகமே மருந்து அனுப்பியது. 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருள்களும் வந்து குவிந்தன. என்னென்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. 100-க்கு எட்டு, வந்து சேரும்போதே காலாவதி. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் 1996-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்தது. அங்கே உள்ளவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். பெயர் அங்கே உள்ள மருத்துவ ஊழியர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். நோயாளி திருப்பித் தந்ததும், இலவச சாம்பிளும் ஆகவே ஆகாது. முடிந்தவரை பணமாகக் கொண்டுபோய் அந்த நாட்டிலேயே வாங்குவது உத்தமம்.

ஊசி விஷயமும் ஒரு வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னாலேயே ஊசி போட்டு, அதற்கான அட்டை வாங்கிவிட வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரித்த இடங்களில்தான். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

மறுபடியும் ஐடாவிடம் போகிறேன். 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார். ஷெல் போன்ற ஒரு புண்ணியவான் கொடுத்து முடிகிற செலவில்லை அது. 1920-களின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒன்று ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. அதில் வேலூரும் உண்டு. நிபந்தனை என்னவென்றால், மாதர் சங்கங்கள் முதலில் 20 லட்சம் திரட்டிக் காட்ட வேண்டும். அதை முன்னின்று நடத்தியவர் லூசி பீபாடி. இளம்வயதில் கணவரோடு சென்னையில் மிஷன் ஊழியம் செய்தவர். அமெரிக்க ஊர்களில் பெண்கள் ஒரு டாலர், அரை டாலர் என்று சேர்த்தார்கள். நம் பக்கம் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் வைத்து மிஷனுக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. 20 லட்சமும் சேர்ந்தது.

ஆனால் இப்படிச் சேர்ந்த பணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு பழைய டிப்ளமா படிப்பு செல்லாது, பட்டப்படிப்பு வேண்டும் என்றது. அதற்கு ஆஸ்பத்திரியும் ஆசிரியர்களும் பல மடங்கு பெருக வேண்டும். 70 வயதில் ஐடா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். ஆண்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களின் உதவி கிடைக்கும், கல்லூரி பிழைக்கும் என்ற யோசனை வந்தது. லூசி பீபாடி ஒரே பிடியாக எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த காசு இது, சொன்ன சொல் என்னாவது என்பது அவர் வாதம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து உழைத்த இருவருக்கும் நடுவே பெரிய மனத்தாங்கல். ஐடா கல்லூரியின் பக்கம் நின்றார். 1947-இல் வேலூரில் ஆண்களும் சேர்ந்தார்கள்.

அதனால் வெளிநாட்டு மிஷன் பயணத்துக்குக் கடிதம் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு யோசனை. தொகைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பயணம் நின்றுபோனால் பணம் யாருக்குப் போகும் என்று ஒன்று. மீந்தால் அந்த ஊர் ஆஸ்பத்திரி தன் தேவைக்கேற்பச் செலவழித்துக்கொள்ளலாம் என்று இன்னொன்று. திரும்பி வந்ததும் ரசீதுகளோடு கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பத்து ரூபாய் போட்ட பாட்டியும் வந்து நின்று படிப்பார், சந்தேகம் இருந்தால் கேட்கவும் கேட்பார்.