ஆழ்துயில்

(தளவாய்புரத்தில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர் இரவாடை தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஊர். இங்குத் தைத்த நைட்டியை அணிந்து எங்கெங்கோ உள்ள பெண்டிர் இனிது துயில்கின்றனர். தைத்த நம்மவர் பலரோ துயிலின்றி வாடுகின்றனர். இதுபற்றியே இன்று சில சொல்லப் புகுந்தோம்.

சென்ற தீபாவளிக்கு முன்னர், நாம் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் உறங்கி விழுந்தான். கெடுவார் விரும்பும் நான்கனுள் துயிலும் ஒன்றென வள்ளுவர் வைத்தமையை எடுத்துக்காட்டி, அவனைக் கடிந்தோம். பின்னர் வினவியபோது, நள்ளிரவு கடந்தும் தாயோடு அமர்ந்து நூற்பிசிறு வெட்டுகின்றான் என்று அறிந்து நாணினோம். வள்ளுவர் கடிந்தது சோம்பரின் துயிலை. உழைப்பவனுக்கு உரிய துயிலையன்று.

அண்மையில் நம் இளைஞர் ஒருவர், "ஐயா, ஆழ்துயில் தரும் பெப்டைடு என்றொரு மருந்து உண்டாமே! அதனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் இரண்டு மணி உறக்கமே போதுமாமே!" என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையை உங்களுக்கும் கூறுகின்றோம்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பெற்ற சிறு சரம். அச்சரம் மிக நீளின் புரதம் எனப்படும். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மொன்னியே, ஷோனன்பெர்கர் என்னும் அறிஞர்கள் முயல்களின் மூளையை மின்னாற் றூண்டித் துயில் வருவித்தனர். அம்மூளையினின்று வடியும் குருதியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை வேறு முயல்களின் மூளையிற் செலுத்தியபோது, ஆழ்துயிலுக்குரிய டெல்டா அலைகள் மிகுந்தன. அது 9 அமினோ அமிலங்களாலாகிய பெப்டைடு என்று 1977-இல் வெளியிட்டனர்.

பின்னர் அதனைத் துயிலின்மையால் வருந்துவோர்க்குக் கொடுத்து ஆராய்ந்தனர். சில ஆய்வுகளிற் சிறிது பயன் தோன்றிற்று. சிலவற்றிற் பயன் மிக அற்பம். அதனை உடலில் ஆக்கும் மரபணுவும் இன்னும் அறியப்படவில்லை. நம் நாட்டில் அஃது உறக்க மருந்தாக ஒப்புதல் பெற்றதுமன்று. ஆதலின் அத்தகைய ஊசியை நாடற்க. துயிலின்மை நீடிப்பின் மருத்துவரை நாடுக.

வளர்ச்சிச் சுரப்பை வெளிப்படுத்தும் வேறொரு பெப்டைடு 1982-இல் கண்டறியப்பட்டது. 44 அமினோ அமிலங்களைக் கொண்ட அஃது ஆழ்துயிலையும் வளர்ப்பதாக ஆய்வாளர் கண்டனர். அதனை நம் மூளையே விலையின்றிச் சுரக்கின்றது. உறங்கத் தொடங்கிய முதற் சில மணிகளில் வரும் ஆழ்துயிலில் வளர்ச்சிச் சுரப்பு பெருகும். பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் தேய்ந்த தசைகள் சீர்படுவதற்கும் அது துணையாம். நள்ளிரவிற் பருகும் தேநீர் அயர்ச்சியை மறைக்குமேயன்றிப் போக்காது.

ஆகவே நம் குடும்பத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இரவு 9 மணிக்குமேற் பிள்ளைகள் கையிற் கத்தரிக்கோல் கொடாதீர்கள். 10 மணிக்குத் தையற்பொறியை நிறுத்துங்கள். சரக்கு எடுப்போரிடம் தவணை கேட்கும்போதே இதனையும் எண்ணிக் கேளுங்கள். ஒருவர் தனித்துக் கேட்பின் செவிசாயார். சங்கத்தார் ஒருங்கு கூடிக் கேட்பின் மறுத்தல் அரிது. கேட்பதற்கு முதலில் நிற்க நாம் உடன்படுகின்றோம்.