ஒரே வீட்டில் இரண்டு கட்சி

(பொம்மிடி பட்டிமன்றத்தில், 'பஞ்சுக்கு இறக்குமதி வரி வேண்டும்' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பஞ்சுக்கு வரி போட்டா நூல் விலை ஏறும், நூல் ஏறினா பனியன் விலை ஏறும்"னு சொன்னார். வாஸ்தவம்தான். ஆனா அவர் பேச்சைக் கேட்டா, பஞ்சு ஏதோ ஆகாயத்திலிருந்து விழுற மாதிரி இருக்கு! (சிரிப்பு)

ஐயா, இது பழைய சண்டை. அமெரிக்காவில் 1828இல் இறக்குமதிச் சரக்குக்குப் பெரிய வரி வந்தது. பாதுகாப்பு கேட்டவர்கள் வடக்கே ஆலைக்காரர்கள். தெற்கே பருத்தித் தோட்டக்காரர்கள், "நம்ம பருத்தியை வாங்குறவன் இங்கிலாந்துக்காரன், அவன் துணிக்கு வரி போட்டா அவன் எப்படி வாங்குவான்?" என்று கொதித்தார்கள். 1832இல் தென் கரோலினா மாநிலம், 'இந்த வரி எங்கள் எல்லைக்குள் செல்லாது' என்றே அறிவித்தது. ஜனாதிபதி ஜாக்சன் படையைக் காட்டி மிரட்டினார். கடைசியில் 1833இல் ஹென்றி கிளே சமரசம் செய்தார்: 1842 வரை வரியைப் படிப்படியாகக் குறைப்பது என்று. இத்தனை சண்டையிலும், அந்தத் தோட்டத்தில் பருத்தி எடுத்த அடிமையை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இங்கே கதை தலைகீழ். விளைவிக்கிறவன் வரி வேண்டும் என்கிறான். ஆலைக்காரர் வேண்டாம் என்கிறார். 2021 பட்ஜெட்டில் 11 சதவீதம் போட்டார்கள். விதர்ப்பா, தெலங்கானா உழவர்கள் மகிழ்ந்தார்கள். நூற்பாலைகள் நிறைந்த தமிழ்நாடு வருந்தியது. 2022இல் கொஞ்ச நாள் எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது, திருப்பூர் திணறியது. உடனே பஞ்சு வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் வரை. அக்டோபரில்தானே ஐயா புதுப்பருத்தி சந்தைக்கு வரும்? அறுவடை நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால், மூட்டையோடு நிற்கிறவன் என்ன செய்வான்?

எதிரணியினர் 'தமிழ்நாட்டுக்கு நஷ்டம்' என்கிறார்கள். எந்தத் தமிழ்நாட்டுக்கு? நம்ம பக்கத்து வீடுகளையே பாருங்கள். அப்பா மானாவாரியில் பருத்தி போட்டிருப்பார். மகள் இதே பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலேறி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு கட்சி! மகள் சம்பளத்தைக் காப்பாற்ற அப்பன் மடியில் கை வைக்கலாமா? (கைதட்டல்)

"அப்போ மகள் பட்டினி கிடக்கணுமா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். ஏற்றுமதித் துணிக்கான பஞ்சை வரியில்லாமல் கொண்டுவர ஏற்கெனவே வழி இருக்கிறது. அதைச் சின்ன ஆலைக்கும் எட்டுகிற மாதிரி எளிதாக்குங்கள். அதற்கு மேலும் உதவி வேண்டுமா? கஜானாவிலிருந்து கொடுங்கள், களத்திலிருந்து எடுக்காதீர்கள். வரியை மாற்றியே தீரணும்னா, கிளே மாதிரி தேதி போட்டு, விதைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுங்கள்.

ஆலைக்காரருக்குச் சங்கம் உண்டு, டெல்லிக்குக் கடிதம் எழுத ஆள் உண்டு. பருத்தி எடுக்கிற அம்மாவுக்கு யார் எழுதுவார்? அந்தக் கடிதமாக உங்கள் தீர்ப்பு இருக்கட்டும், நடுவர் அவர்களே!