தள்ளி வைத்தால் வைரஸ் நிற்குமா?

(நாச்சியாபுரத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு முன் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, அந்தக் காலத்தில் தீட்டுன்னு தள்ளி வச்சதே நோய் பரவக் கூடாதுன்னுதானே? கொரோனாவில் அரசாங்கமே சமூக இடைவெளின்னு சொல்லலையா?" 2020-இல் படித்தவர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள். அவருக்கான பதில்தான் இன்றைய என் பேச்சு.

முதலில் வைரஸைப் பார்ப்போம். அதனால் தனியாகப் பெருக முடியாது. நம் உடலின் செல்லுக்குள் நுழைந்துதான் தன்னை நகலெடுக்கும். ஃப்ளூ, கொரோனா போன்றவை நகலெடுக்கும்போது பிழைகள் நேரும். பெரும்பாலான பிழைகளால் அதற்குப் பயனில்லை. எப்போதாவது ஒன்று வேகமாகப் பரவவோ, நம் எதிர்ப்பாற்றலை ஏமாற்றவோ உதவிவிடும். 2020 இறுதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா அப்படி வந்ததுதான்.

ஃப்ளூ இன்னொன்றும் செய்யும். ஒரே பன்றியின் உடலில் இரண்டு வகைகள் சந்தித்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 2009-இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சல் அத்தகைய கலப்பில் பிறந்தது. 1918-ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சல் வைரஸின் வழிவந்த துண்டுகளும் அதில் இருந்தன. போய்விட்டது என்று நாம் நினைத்த நோய் திரும்பி வருவது இப்படித்தான்.

தொற்று கூடக் கூட நகல்கள் கூடும். மாறுவதற்கான வாய்ப்பும் கூடும். ஆகவே, தொற்று எங்கே எளிதாகப் பரவுகிறது என்பதுதான் கேள்வி.

1918-இல் கப்பல் வழியாகப் பம்பாய்க்கு வந்த அந்தக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பம்பாய் நகரில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. ஐரோப்பியர் 8, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 19, ஒடுக்கப்பட்ட சாதியினர் 61. நகரமும் ஒன்றுதான், வைரஸும் ஒன்றுதான். காற்றில்லாத குடியிருப்பும், நெருக்கடியும், பசியும்தான் வேறு. ஒதுக்கி வைத்தவர்களையும் தீண்டாமை காப்பாற்றவில்லை என்பதற்கு அந்த 19 சாட்சி.

தீண்டாமை ஒருநாளும் உடலைத் தள்ளி வைத்ததில்லை. வயலிலும் களத்திலும் தொழுவத்திலும் கழிவறையிலும் அந்த உடல் தேவைப்பட்டது. கிணற்றிலிருந்தும் தெருவிலிருந்தும் மருத்துவத்திலிருந்தும்தான் மனிதர்களைத் தள்ளி வைத்தார்கள். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே 'சமூக இடைவெளி' என்பதை விட்டு 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கியது. நாம் இன்னும் பழைய சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காற்றில் பரவும் நோய்க்கு முதல் மருந்து காற்றோட்டம். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். உயரமான கூரை, வானம் தெரியும் வளவு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். இவற்றுக்குச் செங்கலும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் ஐந்தாறு பேராகப் படுக்கிறார்கள். அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 'தனிமைப்படுத்திக்கொள்' என்கிறோம். எந்த அறையில்? ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில் எத்தனை நாள்?

2020 மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. தூய்மைப் பணியாளர்களுக்கு அன்று தேவைப்பட்டது கையுறையும் முகக்கவசமும் நிரந்தர வேலையும்.

டீக்கடைப் பெரியவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஐயா, தீட்டு நோயைத் தடுக்கவில்லை. நோய் வளர இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அங்கே வளர்ந்து உருமாறும் வைரஸ் ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள எல்லைக் கல்லைப் பார்த்து நிற்காது. அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் வரும் கிராம சபையில் நாம் சேர்ந்து கேட்போம்: தொகுப்பு வீட்டுக்கு இன்னோர் அறையும் எதிரெதிர் சன்னலும், காய்ச்சல் காலத்தில் கூலிக்கு ஈடான தொகையும் வேண்டும். நீங்களும் எங்களோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெய்பீம்.