வலி என்னும் காவல்காரன்

(ஆரணியில் நெசவாளர் குடும்பங்களுக்காக நடந்த மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



உணர்ச்சியைப் பற்றி ஆரணியில் பேசுவது எளிது. தறியில் உட்காருகிறவருக்குப் பாதிப் பாடம் முன்பே தெரியும். குழித்தறியில் கண் சேலையின்மேல் இருக்கிறது. கால்கள் குழிக்குள் இருக்கின்றன. எந்தக் கால் எந்த மிதியின்மேல் இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனாலும் கால் தவறுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் விரல் நுனி அதைத் தேடிப் பிடிக்கிறது. வீட்டில் அடுப்புப் பாத்திரம் சுட்டால், நாம் நினைக்கும் முன்பே கை பின்வாங்குகிறது. இவை மூன்றும் மூன்று வேறு உணர்வுகள்: உடல் நிலையை அறிவது, தொடுதலை அறிவது, வலியை அறிவது.

தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு உணர்வு உறுப்புகள் உண்டு. மெல்லத் தொட்டால் ஒரு வகை விழிக்கும். அழுத்தினால் ஒரு வகை, அதிர்ந்தால் வேறொரு வகை. விரல் நுனியில் அவை நெருக்கமாக இருக்கின்றன, முதுகில் குறைவு. உடல் நிலையைச் சொல்லும் உறுப்புகளோ தசைகளுக்குள் ஆழத்தில் இருக்கின்றன. நூல் நூற்கும் கதிரின் வடிவில் இருப்பதால் அவற்றுக்குக் கதிர் என்றே பெயர். வலிக்கோ தனி உறுப்பு இல்லை. கிளைகிளையாகப் பிரிந்த நரம்பின் நுனியே வலியை அறிகிறது.

தொடுதலின் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மந்தமான வலியின் செய்தி நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போவதில்லை. காலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, குடைச்சல் சற்றுப் பின்னால் வருவது இதனால்தான். சூட்டை அறியும் புரதத்தையே மிளகாயின் காரமும் தூண்டுகிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடுதலை அறியும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். அதற்குப் பதில் நம் பக்கத்திலேயே கிடைத்தது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைப்பிடி மிக வலுவாக இருந்ததைக் கண்டு வியந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்து உண்மையைக் கண்டார்கள். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. பிறகு சூடான பாத்திரமும், செருப்பு ஆணியும், இறுக்கமான பூட்டைத் திறக்கும் சாவியும் கையையும் காலையும் அழிக்கின்றன. இரவில் எலி கடித்தும் சிலருக்கு விழிப்பு வரவில்லை. அதனால் நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களையே, தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளையே நாடுகிறது. ஆழத்திலுள்ள கதிர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே நோயாளி கண்ணை மூடிக்கொண்டும் தன் கை எங்கே இருக்கிறது என்று சொல்வார். அந்தக் கை சுடுவதை மட்டும் அறியமாட்டார். வேலை தடையின்றி நடக்கும், காவல் இருக்காது. ஆபத்து அங்கேதான்.

வலியைத் திருப்பித் தர மருத்துவரால் முடிவதில்லை. கண்ணைக் காவலுக்கு வைக்கக் கற்றுக்கொடுக்கலாம். வேலூர் அருகே 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனை இந்தப் பாடத்தைப் பல்லாயிரம் பேருக்குக் கற்பித்தது. மென்மையான ரப்பர் செருப்பும், மடங்கிய விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுவை சிகிச்சையும் பலரை மீண்டும் தங்கள் தொழிலுக்கு அனுப்பின.

தொழுநோய் 2005-இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறங்கியது. ஆனால் ஒழிந்துபோகவில்லை. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி இல்லையென்றால் வெட்கப்படாமல் வாருங்கள். கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் குணம். நரம்பு கெடுமுன் வந்தால் கை காக்கப்படும். தாமதித்தால் கிருமி போகும், உணர்ச்சி திரும்பாமற் போகலாம்.

இன்று இதே ஆபத்தைச் சர்க்கரை நோயும் கொண்டுவருகிறது. 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போகிறது. இதைச் சோதிக்க எங்களிடம் இருப்பதும் ஓர் இழைதான்! 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. அதை உள்ளங்காலில் வைத்து அழுத்தும்போது தெரியவில்லையென்றால், அந்தக் காலுக்குக் காவல் இல்லை.

நெசவாளர் பெருமக்களே, நாள் முழுதும் குழிக்குள் இருக்கும் பாதத்தைத் தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், அல்லது பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். வலியில்லாத கொப்புளத்தை வலியுள்ளதைவிடப் பெரிதாக எண்ணி உடனே வாருங்கள்.

நண்பர்களே, உங்கள் காணிக்கை ஒரு செருப்பாகவும் ஒரு கட்டுத்துணியாகவும் ஒருவரிடம் போய்ச் சேரும்போது, அவர் இழந்த காவலில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.