மைனஸ் 20-ல வேர்க்கக் கூடாது

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர், செங்குன்றம்னு இந்தப் பக்கம் கோல்டு ஸ்டோரேஜ்ல வேலை பார்க்கிற தம்பிங்க, தங்கச்சிங்களுக்காக இன்னைக்குப் பேசறேன். வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். திருத்தணியில வெயில் 40 டிகிரியைத் தாண்டிடுச்சுன்னு நியூஸ்ல சொல்லிட்டு இருப்பாங்க, அதே மாவட்டத்துல ஒருத்தர் மங்கி குல்லா, ஃப்ரீஸர் ஜாக்கெட், ரெண்டு ஜோடி கிளவுஸோட வேலைக்குக் கிளம்புவாரு. அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில அந்த ஜாக்கெட் காயறதைப் பார்த்துட்டு, "என்ன, ஊட்டிக்கா?"ன்னு பக்கத்து வீட்டுல கேட்பாங்க. ஊட்டி எந்த மூலைக்கு? அங்கே ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டாலே பேப்பர்ல படம் போடறாங்க. உறைஞ்ச இறாலும் மீனும் வைக்கிற அறை மைனஸ் 18-லயோ அதுக்குக் கீழேயோ இருக்கணும். பிளாஸ்ட் ஃப்ரீஸர்னா மைனஸ் 35, 40.

குளிருக்கு என்ன போடணும்னு கேட்டா, நல்லா தடியா ஒண்ணு போடணும்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நான் முதல்ல வேற ஒண்ணு கேட்பேன். உள்ளே போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் என்ன வேலை பார்த்தீங்க?

ஏன்னா நம்ம ஆளுங்க ஷிப்ட் ஆரம்பிக்கிறது டாக்குல. லாரி வந்து நிக்கும், பெட்டி இறக்கணும். "எப்படியும் உள்ளே போகப் போறோமே"ன்னு பேன்ட், ஜாக்கெட், குல்லா எல்லாத்தையும் வர்றப்பவே மாட்டிக்கிட்டு, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, பெட்டி தூக்குவாங்க. பத்து நிமிஷத்துல உள்ளே பனியன் முதுகோட ஒட்டிடும். அப்படியே ஃப்ரீஸருக்குள்ள போய், பேலட் தூக்கற ரீச் டிரக்ல உட்கார்ந்துடுவாங்க. அது உட்கார்ந்து பார்க்கிற வேலை. கை லீவரை ஆட்டும், கழுத்து மேலே பார்க்கும், அவ்வளவுதான். உடம்பு சூடு உண்டாக்கறது நின்னு போச்சு, ஆனா முதுகுல ஈரம் இருக்கு. காத்தைவிடத் தண்ணி ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை வெளியே கடத்திடும். ஜாக்கெட் சூடு தர்ற பொருள் இல்லைங்க, உள்ளே பிடிச்சு வெச்சிருக்கிற காத்துதான் நம்மளைக் காப்பாத்துது. அந்தக் காத்து இருக்க வேண்டிய இடத்துல வேர்வை ஏறிட்டா, ஜாக்கெட் எவ்வளவு விலைக்கு வாங்கினதா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. போதாக்குறைக்கு மேலே ஃபேன் அடிச்சுக்கிட்டே இருக்கும்.

மலையடிவாரக் கிராமங்கள்ல யானைக்கும் காட்டுப்பன்னிக்கும் காவல் இருக்க மரத்துல பரண் கட்டி ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பாங்க. அங்கே யாராவது கம்பளியைப் போர்த்திக்கிட்டு மரம் ஏறுவாங்களா? கம்பளி தோள்ல கிடக்கும். ஏறி, மூச்சு வாங்கி, உடம்பு ஆறின பிறகுதான் போர்த்துவாங்க. நம்ம வேலைக்கும் அதே கணக்குதான்.

அதனால உடுத்தற வரிசையை மாத்துங்க. உடம்பை ஒட்டிப் போடறது காட்டன் பனியனா இருக்கக் கூடாது. இந்த ஊர் வெயிலுக்குக் காட்டனைவிட நல்ல துணி கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா அது வேர்வையைக் குடிச்சுட்டு விடாது. பசங்க கிரிக்கெட் ஆடறப்போ போடற பாலியஸ்டர் ஜெர்சி இருக்கே, அது போதும், சீக்கிரம் காயும். திருப்பூர் தெர்மல் இன்னர் கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்கு மேலே ஸ்வெட்டரோ ஃபிளீஸோ ஒண்ணு. அதுக்கும் மேலே கம்பெனி ஜாக்கெட், பேன்ட்.

டாக்குல பெட்டி தூக்கறப்போ ஜெர்சியும், ஜிப் திறந்த ஜாக்கெட்டும் போதும். கொஞ்சம் குளிர்ற மாதிரி இருந்தா சரியா உடுத்தியிருக்கீங்கன்னு அர்த்தம். இறக்கி முடிச்சதும் ஃப்ரீஸருக்கு முன்னாடி இருக்கிற ஆன்ட்டி ரூம்ல ஒரு அஞ்சு நிமிஷம். துண்டால கழுத்து, அக்குள், முதுகைத் துடைங்க. ஜெர்சி நனைஞ்சிருந்தா கழட்டிட்டு வேற போடுங்க. பையில எப்பவும் ஒரு உலர்ந்த ஜெர்சி, ஒரு ஜோடி சாக்ஸ், கவர்ல சுத்தி இருக்கணும். அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் ஜிப், கடைசியா குல்லா. சூப்பர்வைசர் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு முகம் சுளிப்பாரு. சுளிக்கட்டும். விறைச்ச கையோட ஒருத்தன் பேலட்டை ரேக்குல இடிச்சா ஆகிற நேரத்தை அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

காலுக்கு நம்ம ஆளுங்க ரெண்டு தடி சாக்ஸைப் போட்டு, அதே சைஸ் ஷூவுக்குள்ள திணிப்பாங்க. ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் சீக்கிரமா மரத்துப் போகும். ஒரு தடி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய பூட், உள்ளே விரல் ஆட இடம். கைக்கு மட்டும் ரெண்டு அடுக்கு வேணும். உள்ளே மெல்லிசா ஒண்ணு, மேலே தடியா ஒண்ணு. ஸ்கேனர் அமுக்க, ஸ்டிக்கர் கிழிக்க, கொக்கி மாட்ட மேல் கிளவுஸை மட்டும் கழட்டுங்க. வெறுங்கையால இரும்பைத் தொடாதீங்க. செல்போனை உள் பாக்கெட்ல வைங்க, இல்லைன்னா பேட்டரி இறங்கிடும்.

அடுத்தது உயரத்துக்குப் போறவங்களுக்கு. ஆர்டர் பிக்கர் கூடையில நின்னு மேல் ரேக் வரைக்கும் போறீங்க, ஹார்னஸ் போடறீங்க. எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். ஆன்ட்டி ரூம்ல டீ-ஷர்ட் மேலே ஹார்னஸை மாட்டி, அதுக்கு மேலே ஜாக்கெட் போட்டுட்டா, முதுகுல இருக்கிற டி-ரிங் உள்ளே மறைஞ்சிடும், கொக்கி எங்கே மாட்டுவீங்க? ஜாக்கெட் மேலே மாட்டிட்டு, நடுவுல ஸ்வெட்டரைக் கழட்டினா பட்டை தொளதொளன்னு ஆயிடும். விழற நேரத்துல உடம்பு நழுவும். அதனால உள்ளே என்ன துணியோட வேலை செய்யப் போறீங்களோ, அத்தனையும் போட்டு முடிச்ச பிறகு, எல்லாத்துக்கும் மேலே ஹார்னஸ். தொடைப் பட்டைக்குள்ள விரிச்ச கை போகணும், மூடின முஷ்டி போகக் கூடாது. டி-ரிங் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல நிக்கணும். ஜாக்கெட் தொப்பி அதுல சிக்காம பார்த்துக்குங்க. இன்னொண்ணு, வெளியே ஈரமான பக்கிள் உள்ளே வந்ததும் பனி கட்டும். "க்ளிக்"னு சத்தம் கேட்டாலும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. கூட ஒரு துணி சேர்த்தாலும் கழட்டினாலும், கீழே இறங்கி வந்து பட்டையைத் திரும்ப இறுக்கணும்.

தொப்பி பத்திச் சொன்னேன். பெரிய ஹூடைப் போட்டா பக்கத்துல வர்ற வண்டி தெரியாது, ஹார்னும் பாதிதான் கேட்கும். ஹெல்மெட்டுக்கு அடியில மங்கி குல்லாவே மேல்.

இறால் பிரிவுல நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்க அறை அவ்வளவு குளிரா இருக்காது, ஆனா கை ஐஸ்ல, கால் ஈரத் தரையில. ரப்பர் கிளவுஸுக்குள்ள மெல்லிசான துணி கிளவுஸ் ஒண்ணு கேட்டு வாங்குங்க, அது நனைஞ்சதும் மாத்துங்க. நிக்கிற இடத்துல பலகை கேளுங்க. அப்புறம், பாத்ரூம் போகணும்னா கோட்டு, பூட்டு எல்லாம் கழட்டணுமேன்னு பல பேர் தண்ணியே குடிக்கிறதில்லை. குளிர்ல தாகமும் தெரியாது. எட்டு மணி நேரம் அப்படி இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், இடுப்பு வலியும் எரிச்சலும் அனுபவிக்கிறவங்க நீங்கதானே. சூடா, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. அதுக்கு இடைவேளை கொடுக்கிறது கம்பெனி பொறுப்பு. ஜாக்கெட், பூட், கிளவுஸும் கம்பெனிதான் கொடுக்கணும். முந்தின ஷிப்ட் ஆள் வேர்த்துக் கழட்டின ஜாக்கெட்டை அப்படியே மாட்டிக்காதீங்க. அதைத் தொங்கவிட்டுக் காயவைக்க இடம் கேட்கிறது ஒண்ணும் சலுகை இல்லை.

பக்கத்துல இருக்கிறவர் மேலே எப்பவும் ஒரு கண் இருக்கட்டும். நடுங்கறது முதல் கட்டம். பேச்சு குழறினா, கையில இருக்கிறது நழுவினா, கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் வந்தா உடனே வெளியே கூட்டிட்டு வாங்க. நடுக்கம் நின்னு போய், "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே"ன்னு சொன்னா அதுதான் ரொம்ப ஆபத்து. விரல் நுனியோ காது மடலோ வெளுத்து உணர்ச்சி இல்லாம போனா தேய்க்காதீங்க. லாரி சைலன்சர் கிட்டே கையை நீட்டிக் காயற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, மரத்த தோலுக்குச் சுடறது தெரியாது, வெந்துடும். வெதுவெதுப்பான தண்ணி, 37-லேர்ந்து 40 டிகிரிக்குள்ள, அதுல முக்கி வெச்சுட்டு டாக்டர்கிட்டே போங்க. சர்க்கரை வியாதிக்காரங்க ஈ.எஸ்.ஐ. டாக்டர்கிட்டே என்ன வேலைன்னு மறைக்காம சொல்லுங்க. ஒரு குவார்ட்டர் போட்டா சூடு ஏறும்கிறது பொய். தோலுக்கு ரத்தம் பாய்ஞ்சு, உள்சூடு வெளியேதான் போகும்.

பெரிய குளிர்பதன நிலையங்கள்ல குளிரூட்ட ஓடற வாயு பெரும்பாலும் அம்மோனியா. 2023 டிசம்பர்ல எண்ணூர் பெரியகுப்பத்துல கடலடிக் குழாயிலேர்ந்து அது கசிஞ்சு ஜனங்க ராத்திரியில ஓடினது நமக்கு ரொம்பப் பக்கத்துல நடந்தது. 2024 ஜூலையில தூத்துக்குடி பக்கம் ஒரு மீன் பதப்படுத்தற ஆலையில கசிஞ்சு, வேலை பார்த்த பெண்களை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அம்மோனியா ஈரத்தைத் தேடிப் பிடிக்கிற வாயு. கண்ணு, மூக்கு, தொண்டை, வேர்வையில நனைஞ்ச அக்குள், தொடையிடுக்கு. உலர்ந்த உடம்போட இருங்கன்னு நான் மறுபடி மறுபடி சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். நெடி வந்தா ஜாக்கெட்டைத் தேடாதீங்க, பெட்டியைப் போடுங்க, காத்து எந்தப் பக்கமிருந்து வீசுதோ அந்தப் பக்கமாவோ, குறுக்காவோ வெளியேறுங்க. மூக்கை ஈரத்துணியால மூடுங்க, அந்த ஈரமே வாயுவைப் பிடிச்சுக்கும். வெளியே வந்ததும் உடுத்தியிருக்கிற துணியைக் கழட்டிட்டு, கண்ணையும் உடம்பையும் தண்ணியில கழுவிக்கிட்டே இருங்க.

ஃப்ரீஸர் கதவு உள்பக்கத்துல, உள்ளேயிருந்து திறக்க ஒரு தள்ளு குமிழ் இருக்கும். சுத்தி பனி கட்டி அது நகராம போகலாம். ஷிப்ட் ஆரம்பத்துல ஒருத்தர் வெளியே நிக்க, கதவைச் சாத்திட்டு உள்ளேயிருந்து தள்ளிப் பாருங்க. ஒடிசா, பீகார் பசங்க புதுசா வந்திருந்தா அவங்க கையாலயே தள்ள வைங்க. தமிழ் போர்டைக் காட்டிட்டுப் போகாதீங்க.

கடைசியா, நைட் ஷிப்ட் முடிஞ்சு பைக்ல போறவங்க. மார்கழியில, தையில காலைப் பனியில கொல்கத்தா ஹைவேயில பொன்னேரி வரைக்கும் ஓட்டிட்டுப் போறீங்க. வெளியே வந்ததும் ஈர ஜெர்சியை மாத்துங்க. கண்ணாடி போடறவங்க அதுல படிஞ்ச ஆவி போகட்டும்னு காத்திருங்க. சட்டைப் பட்டனைப் பார்க்காமப் போட முடியுதான்னு பாருங்க. விரல் தடுமாறினா பிரேக் பிடிக்கறப்பவும் தடுமாறும். கேட் பக்கத்து கடையில இன்னொரு டீ சொல்லுங்க, கை சரியான பிறகு வண்டியை எடுங்க.