உழைத்த யானைக்கு நாம் பட்ட கடன்



'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது நம் பழமொழி. யானையின் விலையை அது நன்றாகவே கூறுகிறது. மனிதருக்காக உழைத்து ஓய்ந்த யானையின் கதி யாது என்பதை அது கூறவில்லை. அத்தகைய யானைகளை மீட்பது குறித்தும், அவற்றுக்கு மறுவாழ்வு அளிப்பது குறித்தும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

இந்தியா, மியன்மார், தாய்லாந்து ஆகிய நாடுகளின் காடுகளில் யானையே நெடுங்காலம் பாரம் இழுக்கும் பொறியாக விளங்கியது. வண்டி ஏற முடியாத மலைச்சரிவிலிருந்து தேக்கு மரங்களை இழுத்து வந்தது அதுதான். நம் ஆனைமலையிலும் முதுமலையிலும் வனத்துறையினர் யானைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தினர். வெட்டிய மரங்களை மேலிருந்து நழுவவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

காடு குறையவே, மரம் வெட்டுதலை நிறுத்த வேண்டிய காலம் வந்தது. தாய்லாந்தில் 1988-ஆம் ஆண்டு பெருவெள்ளம் வந்தது. காடு அழிந்த மலைகளிலிருந்து மண்ணும் மரக்கட்டைகளும் சரிந்து ஊர்களை மூடின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்நாட்டு அரசாங்கம் 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. அது நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சட்டத்தால் ஒரே நாளில் வேலை இழந்த யானைகளும் பாகர்களும் பலர். 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?' என்று நாம் பேச்சுவாக்கில் கேட்கிறோம் அல்லவா? அந்தப் பாகர்களுக்கு அது மெய்யாகவே எழுந்த கேள்வி. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி தின்னும் பிராணியை, கூலியற்ற ஒருவன் எப்படிக் காப்பாற்றுவான்? பலர் யானையோடு பாங்காக் நகரத் தெருக்களுக்கு வந்து, வழிப்போக்கரிடம் கரும்பையும் வாழைப்பழத்தையும் விற்றுப் பிழைத்தனர். இரவில் மோட்டார் வண்டிகள் மோதாதிருக்க யானையின் வாலில் சிவப்பு விளக்கைக் கட்டினர்.

வேறு சில யானைகள் எல்லைப்புறக் காடுகளில் வேலை தேடிச் சென்றன. மோதலா என்னும் பெண் யானை 1999-இல் மியன்மார் எல்லையருகே கண்ணிவெடியை மிதித்து முன்னங்கால் பாதத்தை இழந்தது. லாம்பாங் என்னுமிடத்திலுள்ள யானை மருத்துவமனையில் அதற்கு அறுவை சிகிச்சை நடந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2009-இல் அதற்குச் செயற்கைக் கால் பொருத்தினர். ஒரு யானையை மீட்பதற்கு எத்துணைக் காலமும் பொருளும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

நம் நாட்டிலும் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தின. ஆனால், முதுமலைத் தெப்பக்காட்டு முகாமின் யானைகள் தெருவுக்கு வரவில்லை. காரணம் எளிது. அவை அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. மரம் இழுத்தவற்றில் சில, காட்டைச் சுற்றிவரும் காவற்பணிக்கு மாறின. சில, வயல்களில் புகும் காட்டானைகளைத் திருப்பி ஓட்டும் கும்கிகளாயின. முதுமை எய்தினால் அவற்றுக்கு ஓய்வு உண்டு. ஓய்வுக்குப் பின்னும் உணவும் மருந்தும் உண்டு. எனக்கும் 58 வயதில் ஓய்வு கிடைத்தது. ஆகவே இவ்விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது!

நான் தலைமையாசிரியராக இருந்தபோது மாணவர்களை அம்முகாமுக்கு அழைத்துச் சென்றேன். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துப் பிசைந்த கவளங்களைப் பாகர்கள் யானைகளின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தனர். ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, வேலைதான் முடிந்துவிட்டதே! சங்கிலியை அவிழ்த்துக் காட்டிலேயே விட்டுவிட்டால் என்ன?"

நல்ல கேள்வி. அதற்கு விடை காண்போம். மனிதரோடு நெடுநாள் வாழ்ந்த யானைக்கு மனிதரிடத்தில் அச்சம் இராது. பசி எடுத்தால் அது ஊரை நாடும். அதன் கூட்டமோ எங்கோ இருக்கிறது. மனிதரிடமிருந்து காசநோய் தொற்றியிருந்தால், அதைக் காட்டானைகளுக்கும் அது பரப்பக்கூடும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. கடைசிப் பல் தேய்ந்தபின் மரப்பட்டையை அரைத்து உண்ண இயலாது. ஆகவே, முதிய யானைக்குச் சங்கிலியை அவிழ்ப்பது மட்டும் விடுதலையாகாது.

பின் மறுவாழ்வு என்பது யாது? முதலாவது, உடல்நலம். சிமெண்டுத் தரையில் நின்று வெடித்த பாதங்களுக்கு மண்தரை வேண்டும். குளிக்க நீர்நிலையும் நடக்க நெடுந்தூரமும் வேண்டும். இரண்டாவது, துணை. யானை கூடி வாழும் பிராணி. தனிமை அதற்குச் சிறை. தமிழக முகாம்களில் யானைகளை இரவில் காட்டில் மேயவிடுவது பழைய வழக்கம். 'யானை டாக்டர்' என்று மக்கள் அழைத்த கிருஷ்ணமூர்த்தி அவர்களும், அறிஞர் சுகுமார் முதலியோரும் முகாம்களின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அங்கே யானைகள் நன்கு கன்று ஈன்றமையை 1997-இல் எடுத்துக்காட்டினர். சங்கிலியோடாயினும் காட்டோடு உறவு அறாமை அதற்கு உதவிற்று என்று கருதலாம்.

மூன்றாவது, பாகன். இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். பாகனின் அடுப்பு எரியாவிடில் யானையின் வயிறும் நிறையாது. யானையை மீட்டுவிட்டுப் பாகனைத் தெருவில் விட்டால், அவன் நாளை வேறொரு யானையைத் தேடிப் போவான். 2020-இல் கொள்ளைநோயால் சுற்றுலா நின்றபோது, தாய்லாந்தில் பாகர்கள் யானைகளோடு கால்நடையாகவே தம் ஊர்களுக்குத் திரும்பியதை உலகம் கண்டது. இதை உணர்ந்தே, தமிழக அரசாங்கம் 2023-இல் முகாம்களின் பாகர்களுக்கும் அவர்களுக்கு உதவும் காவடிகளுக்கும் வீடு கட்டித்தர நிதி ஒதுக்கியது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து எம்.ஆர். பாளையத்தில் மீட்கப்பட்ட யானைகளுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையமும் இயங்குகிறது.

மாணவர்களே! இனி நீங்கள் தெருவில் ஒரு யானையைக் கண்டால், துதிக்கையில் காசு வைத்து ஆசி பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். அதன் பாதங்களைப் பாருங்கள். அது நிற்கும் தரையைப் பாருங்கள். அருகில் நிற்கும் பாகனிடம், "இன்று இது எவ்வளவு தூரம் நடந்தது? என்ன தின்றது? நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று அன்போடு கேளுங்கள். குறை கண்டால் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். நாளை உங்களுள் சிலர் கால்நடை மருத்துவராகலாம்; சிலர் வன அதிகாரியாகலாம்; சிலர் சட்டம் இயற்றும் இடத்திலும் அமரலாம். ஒரு தொழிலை நிறுத்தும் சட்டத்தை எழுதும்போது, அத்தொழிலில் உழைத்த உயிர்களுக்கு உணவு எங்கிருந்து வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.