தன்னை அறிந்து தொழில் தேர்தல்

பாடசாலையை விட்டு நீங்கும் பருவத்தில் இளைஞர் முன்னே இரண்டு வினாக்கள் நிற்கின்றன. எந்தத் தொழில் தனக்குக் கிடைக்கும் என்பது ஒன்று. எந்தத் தொழிலுக்குத் தான் உரியவன் என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பெற்றார் கேட்கின்றனர், உற்றார் கேட்கின்றனர், கோயில் வீதியிற் கண்டவரும் கேட்கின்றனர். இரண்டாம் வினாவையோ அவ்விளைஞன் தானே தன்னிடம் கேட்டாலன்றி வேறெவரும் கேட்பதில்லை. ஆகையினால் முதல் வினாவுக்கு எப்படியோ ஒரு விடை கிடைத்துவிடுகின்றது. இரண்டாவது வினா விடையின்றியே மூப்பு வரையில் உடன் செல்கின்றது.

'கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கில் உள்ள பழமொழி. அதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் அதற்கும் நியாயம் உண்டு. ஆறில்லாத மண்ணிலே கிணற்று நீரை இறைத்துப் பயிர் செய்த மக்கள், மழை பொய்த்தாலும் பொய்யாத மாதச் சம்பளத்தையும், முதுமையிற் கைவிடாத ஓய்வூதியத்தையும் பெரிதாக மதித்தனர். அவ்வுத்தியோகமே பல குடும்பங்களைக் கடனினின்றும் மீட்டது, தங்கையரைக் கரையேற்றியது, தம்பியரைப் படிக்க வைத்தது. எனினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் நன்று. நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 240 நாள், 35 ஆண்டு ஒருவன் தொழில் செய்வானாயின், அவன் அதற்குக் கொடுப்பது 67,200 மணி நேரம். விழித்திருக்கும் வாழ்நாளின் இத்துணைப் பெரும் பகுதியைக் கொடுக்குமுன், அதனை எதற்காகக் கொடுக்கின்றோம் என்று கேட்பது பேராசையாகாது.

இக்காலத்திலே அப்பழமொழியின் இடத்தை வேறொரு வழக்கம் பிடித்துக்கொண்டது. உயர்தர வகுப்புக்குச் செல்லும் மாணவருள் நல்ல பெறுபேறு பெற்றவர் உயிரியல் அல்லது கணிதம் கற்க வேண்டும். அடுத்தவர் வர்த்தகம் கற்க வேண்டும். எஞ்சியவர்க்கே கலைப் பாடங்கள் என்பது எழுதாத சட்டம் போல் வழங்கி வருகின்றது. பெறுபேறு ஒருவன் கற்றதை ஓரளவு காட்டும்; அவன் மனம் எதில் ஊன்றி நிற்கும் என்பதைக் காட்டாது. நோயாளியின் அருகிற் செல்லவே மனமில்லாத ஒருவன், புள்ளி உயர்ந்தது என்னும் ஒரே காரணத்தால் மருத்துவனாதல் அவனுக்கும் நன்றன்று; நோயாளிக்கும் நன்றன்று.

ஆயின் தன்னை அறிதல் என்பது யாது? அறைக்கதவை அடைத்துவிட்டு, 'எனக்கு விருப்பமானது எது?' என்று முகட்டைப் பார்த்துக் கொண்டிருத்தலன்று. செய்த செயலைத் திரும்பி நோக்கி, அச்செயலிலே தன் இயல்பு எங்கே வெளிப்பட்டது என்று காணுதலே தன்னை அறிதல். இதனை விளக்குதற்கு ஈழத்தில் வாழ்ந்த பெரியோர் மூவர் வரலாறு போதும்.

1892 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவிலே மயில்வாகனம் என்னும் பிள்ளை பிறந்தது. அவர் ஆங்கிலப் பாடசாலையிற் பயின்று, கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று 1916 இல் தேறினார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. பின்னர் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். இருபத்தெட்டு வயதிலே பட்டமும் பதவியும் மதிப்பும் ஒருங்கே வந்தன. உலகத்தார் நோக்கில் அவருடைய தொழில் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

அவர் நோக்கில் அது விடையாகவில்லை. 1922 இல் அப்பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். கற்ற விஞ்ஞானம் வீணாயிற்றே என்று அன்று இரங்கியவர் இருந்திருப்பின், பின்னர் நிகழ்ந்ததைக் கண்டு அவர் வாயடங்கியிருப்பர். துறவியாகித் திரும்பி வந்தவர் பாடசாலைகளை நடத்தினார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கும் பணியிலே தலைமை தாங்கினார். 1947 ஆனி மாதத்திலே அரங்கேறிய 'யாழ் நூல்', மறைந்துபோன யாழ்க்கருவிகளின் இயல்பையும் பண்டைப் பண்களின் அலகுகளையும் கணக்கிட்டு ஆராய்வது. பண்டிதர் மட்டுமே அந்நூலை எழுதியிருக்க இயலாது. பௌதிகம் கற்றவர் மட்டுமே எழுதியிருக்கவும் இயலாது. இரண்டும் ஒருவரிடத்தே கூடியதனால் அந்நூல் பிறந்தது. அவர் துறந்தது பதவியையே, கற்றதைத் துறக்கவில்லை.

இரண்டாமவர் ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றவர். 1903 இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றார். 'தோரியனைற்று' என்னும் கனிப்பொருள் 1904 இல் இந்நாட்டிற் கண்டறியப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அத்துறையிலேயே நின்றிருந்தாலும் அவர் பெயர் அறிவுலகில் நிலைத்திருக்கும்.

ஆனால் கற்களைத் தேடிக் கிராமந்தோறும் சென்றவர் கண்ணிலே கல்லுக்கு அப்பாலும் சில பட்டன. கண்டி நாட்டு ஊர்களிலே கொல்லரும், தட்டாரும், நெசவாளரும், ஓவியரும் வழிவழியாகப் போற்றி வந்த கைவினைகள் நலிந்து கொண்டிருந்தன. அவற்றைக் கண்ட அலுவலர் வேறு பலரும் இருந்தனர். கண்டு கடந்து போயினர். குமாரசுவாமி நின்றார். பாறையின் அடுக்குகளைப் பிரித்துப் பெயரிட்டு எழுதப் பழகிய அதே கண்ணும் கையும், விளக்கின் வடிவையும் சேலையின் கரையையும் பிரித்துப் பெயரிட்டு எழுதத் தொடங்கின. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. 1917 இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் சேர்ந்து, இந்தியக் கலையின் பொருளை மேல்நாட்டார்க்கு எடுத்துரைப்பதிலே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போதே தம் மனம் எங்கே நிற்கின்றது என்பதை அவர் கவனித்தார். அக்கவனிப்பே அவருக்கு வழிகாட்டியது. விபுலாநந்தர் மறைந்த 1947 ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார்.

இவ்விருவர் வரலாற்றையும் கேட்போர் ஒரு தடை எழுப்பலாம். 'குடும்பச் சுமை உடையவன் பதவியை விட்டுவிட்டு மடத்துக்குச் செல்வதெங்ஙனம்? அரும்பொருளகத்தைத் தேடிக் கடல் கடப்பதெங்ஙனம்?' என்பது அத்தடை. அது நேர்மையான தடை. அதற்கு விடையாக நிற்பவர் சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார், சட்டம் பயின்றார், பின்னாளிலே புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அவர் உத்தியோகத்தை உதறவில்லை. ஆயினும் செல்லரித்துச் சிதைந்து கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, அச்சேற்றுவதே தமக்குரிய பணி என்பதை அறிந்திருந்தார். 'வீரசோழியம்' 1881 இலும், 'கலித்தொகை' 1887 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. தொல்காப்பியமும் அவர் கையால் அச்சேறியது. உத்தியோகம் அவருக்குச் சோறு தந்தது. பதிப்பு அவர் வாழ்வுக்குப் பொருள் தந்தது. ஒன்றையொன்று அழிக்க அவர் விடவில்லை.

இம்மூவர்பாலும் பொதுவாக நின்றது துணிவு மட்டுமன்று. ஒருவர் பதவியை நீங்கினார். ஒருவர் தொழிலினூடே மற்றொரு தொழிலைக் கண்டார். ஒருவர் உத்தியோகத்தோடு வேறொரு பணியையும் சுமந்தார். வழிகள் வேறு, ஆயினும் தாம் யார் என்ற வினாவை மூவரும் பிறரிடம் விட்டுவிடவில்லை.

இளைஞர் இவ்வினாவை எவ்வாறு ஆராய்வது? குறளில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையாவாரின் வலி என்னும் நான்கையும் சீர்தூக்க வேண்டுமென்று அரசனுக்கு அங்கே உரைக்கப்படுகின்றது. தொழில் தேர்வோர்க்கும் அத்தராசு பொருந்தும். கருதிய தொழில் நாள்தோறும் வேண்டுவது என்ன என்று முதலில் அறிதல் வேண்டும். மருத்துவர் என்றால் வெள்ளை மேலங்கி அன்று. நள்ளிரவில் எழுந்து செல்லுதலும், இறப்பைக் கண்டும் தளராதிருத்தலுமாம். ஆசிரியர் என்றால் நீண்ட விடுமுறை அன்று. ஒரே பாடத்தை நாற்பதாம் முறையும் புதிதாகச் சொல்லுதலாம். அடுத்து, தன் வலியைக் காணுதல் வேண்டும். எந்த வேலையில் இருக்கும்போது நேரம் போனது தெரியவில்லை, எந்தப் பிழையைப் பிறர் சுட்டாமலே தானே திருத்தினான், பரிசு இல்லாதபோதும் எதைச் செய்தான் என்னும் மூன்றையும் ஓர் ஆண்டு குறித்து வைத்துப் பார்த்தால், இயல்பு தானே தெரியவரும். மூன்றாவது, எதிர்நிற்கும் தடைகள்: வறுமை, கடன், போட்டி, தன் சோம்பல். நான்காவது, துணை நிற்கக்கூடியவர்கள்: ஆசிரியர், உறவினர், அத்தொழிலிலே பழகிய முதியோர். ஒருவரை அணுகி, ஒரு கிழமை அவர் தொழிலை உடனிருந்து பார்த்தால், நூறு புத்தகங்கள் சொல்லாததை அறிந்துகொள்ளலாம்.

இங்கே விருப்பத்தையும் மயக்கத்தையும் வேறுபிரித்தல் இன்றியமையாதது. தொழிலால் வரும் புகழை விரும்புதல் மயக்கம். தொழிலின் உழைப்பையே விரும்புதல் விருப்பம். பாடகனாக வேண்டுமென்று சொல்பவன் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்ய உவப்பானாயின், அவன் சொல்லை நம்பலாம். மேடையை மட்டும் கனவு காண்பானாயின், இன்னும் சிறிது காலம் பொறுத்திருத்தல் நன்று.

பெற்றாருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சுவது அன்பின் குற்றமன்று. ஆயினும் தம் நிறைவேறாத ஆசையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது அன்பாகாது. 'நீ என்ன ஆகப் போகின்றாய்?' என்று கேட்பதோடு, 'எதைச் செய்யும்போது உன் மனம் நிறைகின்றது?' என்றும் கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கும் பெற்றார் பிள்ளைக்குச் சீதனத்திலும் பெரியதொன்றைக் கொடுத்தவராவர்.

ஏற்கனவே ஒரு தொழிலிலே அமர்ந்து, பாதி வழி கடந்துவிட்டோர்க்கும் இவ்வினா காலங்கடந்ததன்று. தபாற் கந்தோரிலோ கச்சேரியிலோ பல்லாண்டு பணியாற்றிய ஒருவர் மாலை வேளையிலே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம், ஊர் வரலாற்றை எழுதலாம், தோட்டம் செய்யலாம், நாடகம் பழக்கலாம். அம்மாலைப் பொழுதே அவருடைய உண்மையான தொழிலாக மலர்தலும் கூடும். செய்யும் தொழிலை மாற்ற இயலாதவர், அதனைச் செய்யும் முறையையேனும் தம்முடையதாக்கிக் கொள்ளலாம்.

தொழில் என்பது வயிற்றுக்கு மட்டும் விடையன்று. அது மனிதன் தன் நாட்டுக்குக் கொடுக்கும் விடையுமாகும். அவ்விடையைப் பிறர் எழுதிக் கொடுக்க ஒருவன் படித்து ஒப்புவிப்பானாயின், பிழையின்றி ஒப்புவித்தாலும் அது அவனுடையதாகாது. தானே எழுதிய விடையிலே திருத்தங்கள் பல இருக்கலாம். எழுத்துக் கோணலாகவும் இருக்கலாம். ஆயினும் அதன் கீழே அவன் துணிந்து கையொப்பமிடலாம்.